மொழிபெயர்ப்பாளர் வெளியே உட்காரவும்

"பத்தே மாசம்தான் கிரிஜா. டிசம்பர் முப்பத்தொண்ணு தாண்டிட்டா எல்லாம் முடிஞ்சுது."

"அதுக்கு எதுக்குங்க ஹால்ல போய்ப் படுக்கோணும்?"

"ராத்திரி பூரா அமெரிக்காக்காரன் கூப்பிடுவான். ஃபோன் ஒயரு ஹாலோட நின்னுபோச்சு. நீ தூங்கோணுமில்ல?"

"நான் எப்படியோ தூங்கிக்குவேன்."

"தூங்குவே. காலைல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே."

"செரிங்க."

இது 1999 பிப்ரவரியில், புனேயின் ஔந்த் பகுதியிலிருந்த வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு. இரண்டரை வருடம் கழித்து, 2001 ஜூலையில் ஒரு மழைச் சனிக்கிழமை, கிளினிக் ஒன்றின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிரிஜா அதை மறுபடியும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஓட்டும்போதெல்லாம் தன் பங்கு வசனங்களைக் கொஞ்சம் திருத்துவாள். கணவனின் வசனங்களில் கை வைக்க மாட்டாள், அவற்றில் தப்பில்லை. தப்பெல்லாம் அந்தக் கடைசி 'செரிங்க'வில்தான்.

கணவன் விஸ்வேஸ்வரன் ஹடப்சரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும் நொடியில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி புரியாமல் முழி பிதுங்கி நிற்கும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். அதைத் தடுக்கும் பொறுப்பில் ஓஹியோவிலிருந்த ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பங்கு அவன் தலையில் விழுந்தது. அதற்காக ஹாலுக்கு ஒரு சோஃபா-கம்-பெட் வாங்கினார்கள். வருடம் பிறந்தது. விமானங்கள் விழவில்லை. ஓஹியோவில் ஒரு தூசும் அசையவில்லை. விஸ்வேஸ்வரனுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அமெரிக்காக்காரன் கூப்பிடுவதை நிறுத்தினான். விஸ்வேஸ்வரன் மட்டும் ஹாலிலேயே தங்கிவிட்டான்.

அவனை அங்கேயே இருக்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை. திரும்பி வரச் சொன்னவர்களும் யாரும் இல்லை.

கிரிஜாவுக்குத் தன் கணவன் படுக்கையறைக்குத் திரும்பி வர வேண்டும். அவளுடைய வியாதி இவ்வளவுதான். மூன்று வரியில் எழுதி மருந்துக்கடையில் கொடுத்தால் கிடைக்கிற பொருள் இல்லை, அதுதான் கஷ்டம். பெருந்துறையில் பிறந்து, பி.எஸ்ஸி. தாவரவியல் படித்து, பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தி, ஒன்பது வயதில் ஒரு பெண்ணையும் வைத்துக்கொண்டு, அதைப் போய் எந்த வாயால் கேட்பது? கேட்ட பிறகு மறுநாள் காலை எந்த முகத்தோடு காபி கொடுப்பது? கேட்காமலே இருந்தாள். கேட்காமல் இருந்ததில் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதில் பசி போயிற்று. ஒருநாள் குக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் காரணமில்லாமல் அழுதாள். அதை மகள் தேஜஸ்வினி பார்த்துவிட்டு, "பப்பா, அம்மா குக்கர்ல அழறா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அலுவலகத்துக்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

விஸ்வேஸ்வரன் நல்லவன். பிரச்சினை என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டான். அன்று மாலையே கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸெல் தாள் திறந்தான். 'கிரிஜா - தூக்கம்' என்று தலைப்பு. தேதி, தூங்கிய மணி, தீவிரம், பொறுப்பாளர், நிலை என்று கட்டங்கள். பொறுப்பாளர் கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். நிலை என்ற கட்டத்தில் எல்லா நாளும் 'ஓப்பன்', அதாவது இன்னும் தீரவில்லை.

முதலில் குடும்ப டாக்டர் ரத்தம் எடுத்தார். தைராய்டு சரி, சர்க்கரை சரி, இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு. பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார். ஒரு மாதம் பேரீச்சம்பழம் தின்றும் விஸ்வேஸ்வரன் ஹாலில்தான் படுத்தான். அடுத்து மனநல மருத்துவர். வாசலில் நாற்பது பேர், உள்ளே ஆளுக்கு நான்கு நிமிடம். அவர் தலையை நிமிர்த்தாமல் ஆங்கிலத்தில் கேட்டார்: "யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்கிறதா?" எல்லாரும் இருக்கும்போதே வீட்டில் ஒரு குரலும் கேட்பதில்லையே என்று கிரிஜா நினைத்தாள். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். அவர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அதோடு, "இது தூங்க வைக்கும். ஏன் தூங்கவில்லை என்பதை இன்னொருவரிடம் போய்ப் பேசுங்கள்" என்று ஒரு சீட்டும் கொடுத்தார். நான்கு நிமிடத்தில் அவர் பார்த்த அளவுக்கு வீட்டில் இரண்டு வருடமாக யாரும் பார்க்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சீட்டு கொண்டுவந்து விட்ட இடம்தான் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. ஔந்திலேயே, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி. ஒரே வராந்தாவில் இடது பக்கம் பல் டாக்டர், வலது பக்கம் கவுன்சலிங். இது பெரிய வசதி. கிரிஜா தன் கீழ்வீட்டு சரசாவிடம் ரூட் கேனால் என்று சொல்லியிருந்தாள்.

காத்திருப்பு அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. எல்லாரும் யாருக்கோ துணையாக வந்தவர்கள். மூலையில் ஒரு வங்கி அதிகாரி, மனைவிக்காக வந்ததாகப் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெளியே வராந்தாவில் நின்று, பாவம் அவருக்குத்தான் மனசு சரியில்லை என்று இன்னொரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேஜையில் பெயர் பதிகிற பெண்மணி ஹிந்தியில் பத்து நிமிடம் போராடிவிட்டு, விஸ்வேஸ்வரன் கிரிஜாவிடம் "உன்ற அப்பாரு இனிஷியல் என்ன" என்று கேட்டதைக் காதில் வாங்கிப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அரே, தமிழா நீங்க? முன்னாடியே சொல்லக் கூடாதா? இத்தினி நேரமா ஹிந்தில தொண்டை காஞ்சேன். எம்பேரு எல்சி. எங்க தாத்தா வேலூரு. வெள்ளைக்காரன் டைம்ல கட்கி வெடிமருந்து ஃபேக்டரிக்கு வந்தவரு, வாபஸ் போகவே இல்ல. ஜரா பொறுங்க, மேடம் ஃப்ரீ ஆனதும் அனுப்பறேன். யாருக்கு, உங்களுக்கா?"

"இல்லீங்க, கூட வந்தேன்" என்றாள் கிரிஜா, பழக்க தோஷத்தில்.

"எனக்கில்லை" என்றான் விஸ்வேஸ்வரன் அதே சமயம்.

எல்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே டோக்கனைக் கிழித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

கவுன்சலர் தாம்லே மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த கிராப்பு, கைத்தறிப் புடவை, கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி. மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் சரளம். கிரிஜாவுக்கு ஆங்கிலம் காதுவழி நன்றாகப் போகும், வாய்வழி வராது. ஒளிச்சேர்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லும்படி எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

"நான் மொழிபெயர்க்கிறேன்" என்று விஸ்வேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். கையில் நோட்டும் கொண்டுவந்திருந்தான்.

"ஏன் தூக்கம் வரவில்லை என்று அவர் நினைக்கிறார்?" மேடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

கிரிஜா பேச ஆரம்பித்தாள். "வீட்ல பேச்சே இல்லீங்க. இவரு வருவாரு, சாப்புடுவாரு, டிவி பாப்பாரு, தூங்கிருவாரு. நான் செவுத்தப் பாத்துட்டே படுத்திருப்பேன். நேத்து முச்சூடும் நான் இவருகிட்டப் பேசுன பேச்சே, 'சட்னி போடட்டுங்ளா'ங்கறது மட்டுந்தான். அதுக்கும் இவரு வாயத் தொறக்கல, கையக் காட்டுனாரு. இப்படியே இருந்தா எனக்குப் பேச்சே மறந்துருமாட்ட இருக்குதுங்க."

விஸ்வேஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அவளுக்கு இன்னும் புனே பழகவில்லை. ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது" என்றான் ஆங்கிலத்தில்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் நிறையப் பேசினாரே."

"சுருக்கமாகச் சொன்னேன்."

"நான் அப்படிச் சொல்லலீங்களே" என்றாள் கிரிஜா.

"இப்போது என்ன சொல்கிறார்?"

"தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். இங்கே கடின நீர்."

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அது அவன் தொழில் பழக்கம். ஓஹியோவுடன் பேசும் ஃபோனில் பின்னாலிருந்து பையன்கள், "சார், ஒரு எழவும் ஓடல, சர்வர் செத்துக் கிடக்குது" என்று கத்துவார்கள். அவன் ரிசீவரில், "நிலையான முன்னேற்றம் இருக்கிறது, ஒன்றிரண்டு சிறு விஷயங்களைக் கவனித்து வருகிறோம்" என்று அமைதியாகச் சொல்வான். கண்ணாடிக் கேடயம் அதற்குத்தான் கிடைத்தது. எதிரே உட்கார்ந்து ஒருவர் குறிப்பெடுத்தால் அவனைப் பொறுத்தவரை அவர் கிளையன்ட். கிளையன்ட்டிடம் எழவைப் பற்றிப் பேசக் கூடாது.

மேடம் குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வி போலக் கேட்டார். "வீட்டில் யார் யார் எங்கே தூங்குகிறீர்கள்?"

விஸ்வேஸ்வரனின் காது மடல் சிவந்தது. கிரிஜா பக்கம் திரும்பினான். "வீட்ல எத்தன ரூம்னு கேக்கறாங்க."

கேள்வியை ஆங்கிலத்திலேயே கேட்டுப் புரிந்துகொண்டிருந்த கிரிஜா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. மூக்கின் பக்கத்தில் ஒரு புது மச்சம் இருந்தது.

"ரெண்டு" என்றாள்.

"இரண்டு படுக்கையறை, ஒரு ஹால்" என்று அவன் மேடத்திடம் நிம்மதியாக ஒப்பித்தான்.

வீட்டுக்கு வந்ததும் கூட்டக் குறிப்பு எழுதினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே போய் ஒரு வாட்டர் ஃபில்டர் வாங்கிவந்து சுவரில் ஆணியடித்து மாட்டினான். எக்ஸெல் தாளில் ஒரு வரி பச்சையாயிற்று.

அடுத்த சனிக்கிழமை புறப்படும்போது மாடிப்படியில் சரசா பிடித்துக்கொண்டாள். "இன்னுமா முடியல? எத்தனை பல்லு கிரிஜா?"

"ஒண்ணுதாங்க. வேரு ஆழமாப் போயிருக்குதாமா."

"கிராம்பு வெச்சுப் பாத்தியா?"

"அதுக்கெல்லாம் கேக்கற பல்லு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கிரிஜா இறங்கினாள்.

கிளினிக்கில் விஸ்வேஸ்வரன் நோட்டோடு எழுந்தபோது, தாம்லே மேடம் கதவருகே வந்து சிரித்த முகத்தோடு கையைக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் இன்று வெளியே உட்காரலாம். எல்சி உள்ளே வருவாள். அதுவரை இந்த ஃபோனை எடுத்துப் பேசி, வருகிறவர்களை உட்கார வைத்தால் பெரிய உதவி.

எல்சி புடவையைச் சரிசெய்துகொண்டு, பதவி உயர்வு கிடைத்தவள் போல உள்ளே வந்து உட்கார்ந்தாள். "சொல்லும்மா. ஒண்ணையும் குறைக்காம சொல்றேன்."

"தூக்கம் வரலீங்க" என்றாள் கிரிஜா.

எல்சி மேடத்திடம் ஹிந்தியில் சொல்லத் தொடங்கினாள். மூன்று நிமிடம் சொன்னாள். கிரிஜாவுக்குக் காய்கறிக்கடை ஹிந்தி மட்டும்தான் தெரியும். ஆனாலும் அதற்குள் 'ஜேசுராஜ்' என்ற பெயர் நான்கு தடவை வந்ததைக் கவனித்தாள். ஜேசுராஜ் எல்சியின் கணவன். கடைசியில் எல்சி மூக்கை உறிஞ்சினாள். மேடம் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, முதுகில் தட்டி, கிரிஜா பக்கம் கை காட்டினார்.

"ஸாரிம்மா, கொஞ்சம் நம்ம சொந்தக் கதையும் வந்துடுச்சு" என்றாள் எல்சி. "மேடம் கேக்கறாங்க, உனக்கு என்ன வேணும்னு. தூக்கம் இல்ல, தூக்கம் தவிர."

பேரீச்சம்பழக்காரரும் மாத்திரைக்காரரும் எக்ஸெல்காரரும் கேட்காத கேள்வி. கிரிஜா தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு, "இவரு ஹால்ல படுக்கறாருங்க" என்றாள்.

எல்சியின் முகம் மாறியது. "எத்தினி நாளா?"

"ரெண்டரை வருசமா."

"சண்டையா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டருக்கெல்லாம் வருசம் மாறுச்சில்லீங்க, அதுக்கு."

"வருசம் மாறி ஒண்ணரை வருசம் ஆச்சேம்மா."

"ஆமாங்க."

"அரே தேவா. எங்க ஜேசுராஜைப் பதினஞ்சு வருசமா ஹாலுக்குத் தள்ளிப் பாக்கறேன், போக மாட்டேங்கறாரு. உங்க வீட்டுக்காரர அனுப்பி ஜரா கத்துக்குடுக்கச் சொல்லேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடத்திடம் திரும்பி இந்தத் தடவை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாக ஏதோ கேட்டார்.

"அவர்கிட்ட இதச் சொன்னியான்னு கேக்கறாங்க. இல்லதானே? விடு, நான் சொல்றேன். வெளியதான இருக்காரு. தோ மினிட்." எல்சி எழுந்தே விட்டாள்.

கிரிஜா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு பலம் கையில் இருந்ததும், குரல் அப்படி உயர்ந்ததும். "உக்காருங்க. அது நான் கேக்க வேண்டியது. நீங்க சொல்லி அவரு வந்தா, அது நீங்க அனுப்பி வந்த மாதிரி. இந்தக் கிளினிக் அனுப்பி வந்த மாதிரி. எனக்கு அப்படி வேண்டாங்க."

"அப்ப கேளு."

"வாயி வர மாட்டேங்குதுங்க. கேட்டு அவரு, 'எதுக்கு, இதே வசதியா இருக்குதில்ல'ன்னு சொல்லிட்டாருன்னா, அப்பறம் நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்குவேன்? கேக்காத வரைக்கும் அவரு மாட்டேன்னு சொல்லலைன்னாச்சும் இருக்குது."

எல்சி அதை மேடத்துக்குச் சொல்லும்போது ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது காத்திருப்பு அறையின் நிர்வாகமே மாறியிருந்தது. நாற்காலிகள் இரண்டு வரிசையாகப் பிரிந்திருந்தன. எல்லார் கையிலும் நம்பர் எழுதிய துண்டுக் காகிதம். விஸ்வேஸ்வரன், கன்னம் வீங்கிய ஓர் ஆளின் எதிரில் உட்கார்ந்து கனிவோடு விசாரித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?"

"மூணு நாளா" என்று அந்த ஆள் ஹிந்தியில் முனகினான்.

"வீட்டில் ஏதாவது கவலையா?"

"கடவாய்ப் பல்லு ஸாஹேப்."

எல்சி அந்த ஆளை எழுப்பி எதிர்க் கதவுக்கு அனுப்பி வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து, விஸ்வேஸ்வரனை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் காரணம் அவனுக்குப் புரியவில்லை. டோக்கன் முறையை மாற்றியது பிடிக்கவில்லை போல என்று எடுத்துக்கொண்டான்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டான். "எல்சி எல்லாத்தையும் கரெக்டாச் சொல்லுச்சா?"

"ம்."

"ஃபில்டர் போட்டாச்சுன்னு சொன்னியா?"

"சொல்லலீங்க."

"அதச் சொல்லியிருக்கோணும்" என்றான் வருத்தமாக.

அந்த வாரம் முழுவதும் காலை பதினோரு மணிக்கு வீட்டில் ஃபோன் அடித்தது.

"கேட்டியா?" என்பாள் எல்சி, ஹலோகூடச் சொல்லாமல்.

"இல்லீங்க."

"சட்னி போடட்டுமான்னு கேக்கற வாய்தான இது? அதே வாய்ல கேளு."

செவ்வாய்க்கிழமை இல்லை. புதன்கிழமை கிட்டத்தட்ட. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள், "ஏனுங்க" என்று தொடங்கினாள். அவன் டிவியிலிருந்து திரும்பி, "என்ன?" என்றான். இரண்டு பேருக்கும் நடுவில் மகள் தேஜு உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். "தயிர் ஊத்தட்டுங்ளா?" என்று கேட்டு முடித்தாள். வியாழக்கிழமை எல்சி அதைக் கேட்டுவிட்டு ஃபோனிலேயே பெருமூச்சு விட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை எல்சி கதவைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வந்த விஸ்வேஸ்வரன் நோட்டைத் திறந்தான். மேடம் கை நீட்டி அந்த நோட்டை வாங்கி, தன் இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"இன்று யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார் ஆங்கிலத்தில். "நீங்கள் இருவரும் தமிழில் பேசுங்கள். நான் இங்கே இருக்கிறேன்."

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே" என்றான் விஸ்வேஸ்வரன்.

"தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும் இல்லையா?"

மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டார். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம்.

"என்னங்க பேசறது?" கிரிஜா உதடு அசையாமல் கேட்டாள்.

"எதையாச்சும் பேசு. அவங்களுக்கு என்ன புரியப்போகுது."

"கேஸ் சிலிண்டர் புக் பண்ணீங்ளா?"

"பண்ணியாச்சு. திங்கக்கெழம வரும்" என்றான் அவன். கனத்த குரலில், இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி விட்டுச் சொன்னான். மேடம் மெல்லத் தலையசைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சோகமாச் சொல்லுங்க. நல்ல சேதி மாதிரி இருக்குது."

"திங்கக்கெழம வரைக்கும் தாங்குமா?" அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"தாங்காதுங்க." அவள் தலையைக் குனிந்தாள். "இட்லி மாவு வேற ரெண்டு நாளாக் கெடக்குது. புளிச்சுப்போச்சு."

"புளிச்சத ஊத்தப்பம் ஊத்திக்கலாம்."

"வெங்காயம் இல்லீங்க."

"வெங்காயம் இல்லியா" என்று அவன் ஆழ்ந்த வேதனையோடு ஜன்னலைப் பார்த்தான். "நீ கண்ணத் தொடச்சுக்கோ. நான் மட்டும் நடிச்சா எப்படி?"

அவள் முந்தானை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். மேடம் உடனே முன்னால் சாய்ந்து, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மரியாதையோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

அதற்குமேல் தாங்கவில்லை. முதலில் விஸ்வேஸ்வரனின் தோள் குலுங்கியது. அதைப் பார்த்துக் கிரிஜாவுக்கு வயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது. அவள் கைக்குட்டைக் காகிதத்தை வாயில் வைத்து அடைத்தாள், பயனில்லை. இருவரும் நாற்காலியில் மடங்கி மடங்கிச் சிரித்தார்கள். அவன் முட்டி அவள் முட்டியில் இடித்தது. யாரும் நகர்த்திக்கொள்ளவில்லை. மேடம் எதையும் கேட்காமல், கடிகாரத்தை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

சிரிப்பு அடங்கியபோது அறை வேறு மாதிரி இருந்தது.

"நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றான் அவன்.

"நீங்க சிரிக்க வெச்சு ரொம்ப நாளாச்சு."

அவன் மேஜை விளிம்பை விரலால் தேய்த்தான். "அன்னிக்கு ரூமு கேள்விய மாத்திச் சொன்னது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"எனக்குச் சொல்ல வெக்கமாப் போச்சு. ஒரு வெளியாள் முன்னால, நான் ஹால்ல படுக்கறேன்னு எப்படிச் சொல்றது?"

"வெளியாள்கிட்டச் சொல்ல வெக்கம். எங்கிட்ட என்னங்க?"

"நான் வந்தேன் கிரிஜா."

"எங்க?"

"ரூமுக்குத்தான். ரெண்டாயிரம் ஜனவரி ரெண்டாந்தேதி. ஆபீஸ்ல எல்லாம் ஓகேன்னு மெயில் வந்துச்சு, தலகாணியத் தூக்கிட்டு வந்தேன். நீ தேஜுவ எம்பக்கம் படுக்க வெச்சிருந்தே. ரெண்டு பேரும் கைகால விரிச்சுட்டு கட்டில் பூரா கெடந்தீங்க. எட்டு விரக்கடை எடம் இல்ல. நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

கிரிஜா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "எழுப்பறதுக்கு என்னங்க?"

"நல்லாத் தூங்கிட்டிருந்தே. உன்னத் தூங்க விடறதுக்குத்தான வெளிய போனேன், அதக் கெடுக்கறதான்னு நெனச்சேன்."

"மறுநாளு?"

"மறுநாளும் தேஜுதான். அதுக்கு மறுநாளும். செரி, இவளுக்கு இதான் பழகிப்போச்சாட்ட இருக்குது, வேணும்னா அவளே கூப்புடுவான்னு இருந்துட்டேன்."

"அவ தனியாப் படுக்க பயந்துக்கலீங்க" என்றாள் கிரிஜா. "நாந்தான் பயந்துட்டு அவளக் கூட்டிட்டு வந்து படுக்க வெச்சேன். ரெண்டரை வருசமா அந்தப் புள்ள ஒதைக்கற ஒதைல எனக்கு இடுப்பே போச்சு. நீங்களா வருவீங்கன்னு நான் இருந்தேன்."

"நீயாக் கூப்புடுவேன்னு நான் இருந்தேன்."

"நல்லா இருந்தோம்" என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. எக்ஸெல் தாளில் பொறுப்பாளர் கட்டத்தில் பெயரைப் போட்டுக்கொண்டவன், இப்போது எதிரே உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வந்து ஒருமுறை திரும்பிப் போனவன். இனி அவனாக வர மாட்டான் என்று கிரிஜாவுக்குத் தெரிந்தது. அது பிடிவாதம் இல்லை. கதவு வரைக்கும் வந்து போன மனிதனின் கூச்சம். பாக்கி இருப்பது தன் வாய்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படி அடிக்கவில்லை. அன்று பஜ்ஜித் தட்டு இருந்தது, பிடித்துக்கொள்ள.

கதவு தட்டப்பட்டது. எல்சி தலையை நீட்டினாள். "மேடம், நெக்ஸ்ட் பார்ட்டி வெயிட்டிங்." தாம்லே மேடம் அவளைப் போகச் சொல்லிக் கையசைத்தார். எல்சி போகவில்லை. கிரிஜாவின் முகத்தைப் பார்த்தவள், கதவுக் குமிழைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் வங்கி அதிகாரியும் அவர் மனைவியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறையில் தமிழ் புரிகிற மூன்றாவது ஆள் வந்து நின்றுவிட்டாள். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம், ஸ்கூட்டரில் கேட்கலாம், திங்கட்கிழமை சிலிண்டர் வந்த பிறகு கேட்கலாம். கிரிஜா எல்லாவற்றையும் ஒரு நொடி யோசித்துப் பார்த்தாள். எல்சிக்குக் கேட்டால் கேட்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கும் கேட்கட்டும்.

"ஏனுங்க" என்றாள். அவன் நிமிர்ந்தான்.

"இன்னிக்கு ராத்திரி தேஜுவ அவ ரூமுல படுக்க வெச்சர்றேன். நீங்க எங்கிட்ட வந்து படுத்துக்குங்க."